கதிரேசன் அண்ணனின் அரை மணி நேரம்

போன வியாழக்கிழமை மத்தியானம் ஒருவர் என் முன்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி... பிறையில ஆளை ஏத்திக்கிட்டு, பாலத்தைத் தாண்டி, பத்து நிமிஷத்துல இங்க வந்து சேர்றதுக்கு என் வேன்ல இறக்கையா இருக்கு?"

பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிறை அந்தக் கரையில் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் இந்தத் தீவில். நடுவில் கடல், கடல்மேல் பாலம், பாலத்தின்மேல் நாட்டில் இருக்கிற லோரிகள் அத்தனையும். பத்து நிமிடத்தில் பாலத்தின் பாதிக்கு வந்துவிட்டால் அன்றைக்கு நாம் யார் முகத்தில் விழித்தோம் என்று யோசிக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தை உண்டாக்கியவளே நான்தான். அது அப்போது எனக்குத் தெரியாது — அவ்வளவுதான்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஆன்லைனில் கோடிங் கற்றுக்கொண்டேன் என்று போன வருஷம் இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறக்கவும் நான் விட்டிருக்க மாட்டேன். பகலில் பிறையில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி அட்டவணை போடுகிற வேலை. சாயங்காலம் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் என் கணவர் பாவம், மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். அவரும் ஐம்பதுக்குமேல்தான் கற்றார், ஆனால் அவரைப் பற்றி யாரும் பத்தி எழுதுவதில்லை.

ஜார்ஜ்டவுனில் எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன டயாலிசிஸ் மையம் நடத்துகிறார்கள். எட்டு மெஷின்கள். அங்கே நான் தொண்டு செய்கிறேன் — அதாவது, பிரிண்டர் மக்கர் பண்ணினால் என்னைக் கூப்பிடுவார்கள். அந்தக் கரையில் பட்டர்வொர்த் பக்கமிருந்தும் சில நோயாளிகள் வருகிறார்கள். அங்கே அவர்களுக்கு மெஷின் காலியில்லை. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். பஸ் பிடித்து வந்து போகிற உடம்பா அது? அதனால் மையத்துக்கென்று ஒரு வேன்.

வேனை ஓட்டுகிறவர் கதிரேசன் அண்ணே. அறுபத்தொரு வயது. வீடு பட்டர்வொர்த் பக்கம், மாக் மண்டினில். எட்டு வருஷமாக இதே வேலை, இதே பாதை. காலையில் பத்தரைக்கு மாக் மண்டினில் இரண்டு பேரை ஏற்றுவார். பத்து ஐம்பதுக்குப் பிறையில் ஒரு ஃப்ளாட் வாசலில் ஓர் அம்மா. பிறகு பாலம். பதினொன்றரைக்கு மையம். பன்னிரண்டுக்கு மெஷின் ஓட ஆரம்பிக்க வேண்டும். பேச்சு குறைவு. சக்கர நாற்காலியை மடக்குவதிலும் விரிப்பதிலும் அவருக்கு இருக்கிற கை லாகவம் அங்கே வேறு யாருக்கும் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவரிடம் ஒரு போன் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் வேனில் ஏறியதும் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். இன்ன தேதி, இன்ன நேரம், இன்னார் ஏறினார் என்று அது பதிவு செய்துகொள்ளும். அண்ணனும் ஒரு நாள் தவறாமல் அமுக்கினார்.

அப்போதுதான் ஒரு புகார் வந்தது. பிறை அம்மாவின் மகன் மையத்தின் தலைவருக்குப் போன் போட்டார். வேன் லேட்டாக வருகிறது, அம்மா கீழே வெகுநேரம் காத்துக்கொண்டிருக்கிறார், இது நியாயமா என்று கேட்டார்.

தலைவர் தனபாலசிங்கம் ஐயா. அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து பெரிய பதவியில் ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவர் அப்பாவும் கிராணி, தாத்தாவும் கிராணி, ஆக மூன்று தலைமுறையாக ஃபைலோடு பிறந்து ஃபைலோடு வளர்ந்தவர்கள். நல்ல மனிதர், யாரையும் காரணமில்லாமல் ஒரு சொல் சொல்ல மாட்டார். காரணம் பேப்பரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாய்ப்பேச்சை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்லக்கூடாது, போனில் பதிவான நேரத்தையெல்லாம் எடுத்துக் காட்டுங்கோ என்று என்னிடம் சொன்னார்.

"அதென்ன ஐயா பெரிய வேலை?" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொன்னவர்கள் யாரும் நன்றாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

போனிலிருந்து இறக்கிய பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு வரியிலும் வருஷம், மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி எல்லாம் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. தலைவருக்கு வேண்டியது மணி மட்டும். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வந்தார், வித்தியாசம் எவ்வளவு. தேதி எதற்கு? கேள்வி 'எப்போது வந்தார்' என்பதுதானே... என்றைக்கு என்று யார் கேட்டது?

ஆகவே நறுக்கினேன். கோடிங்கில் இது ஒரே வரி. தேதியும் நேரமும் சேர்ந்திருக்கிற இடத்தில் நேரத்தை மட்டும் உருவி எடுத்துக்கொள், மற்றதைத் தூக்கிப் போடு. முதல் வாரப் பாடம். எடுத்த நேரத்தைக் கணக்குப் போடுகிற பகுதிக்கு அனுப்பினேன். அந்தப் பகுதி எல்லா நேரத்தையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவைத்துக்கொள்ளும். கடைசியில் நம் ஊர் நேரமாக அச்சிட வேண்டும். மலேசியா உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால், இது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகவே என் கையாலேயே எட்டைக் கூட்டினேன். நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்த முடிவைப் பார்த்தால்... மாக் மண்டினில் பத்தரைக்கு ஏற்ற வேண்டியவர்களைப் பதினொன்றுக்கு ஏற்றியிருக்கிறார். அடுத்த தடவை பதினொன்று இரண்டு. அதற்கடுத்த தடவை பத்து ஐம்பத்தொன்பது. பிறை அம்மாவைப் பத்து ஐம்பதுக்குப் பதில் பதினொன்று இருபதுக்கு. இரண்டு மாதமும் இப்படியே. பதினைந்து நிமிடத்துக்குமேல் தாமதமானால் கட்டம் சிவப்பாக மாறும்படி செய்திருந்தேன். அது நானாகச் செய்த அலங்காரம், யாரும் கேட்கவில்லை. பக்கம் பக்கமாகச் சிவப்பு.

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மனுஷன் லேட்டாக வந்தால் இப்படியா வருவான்? ஒரு நாள் ஐந்து நிமிடம், ஒரு நாள் ஐம்பது நிமிடம், ஒரு நாள் அதிசயமாக முன்னாலேயே வந்து நிற்பான். என் கணவர் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தைக் குறித்துவைத்தால் தெரியும், தாமதத்துக்கு ஓர் ஒழுங்கும் கிடையாது. தினமும் பிசகாமல் அரை மணி நேரம் லேட்டாக வருவதற்கு, சரியான நேரத்துக்கு வருவதைவிட அதிக ஒழுக்கம் வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. புகார் 'லேட்' என்றது, பேப்பரும் 'லேட்' என்றது, இரண்டும் பொருந்தியது. பொருந்திவிட்டால் பிறகு யார் யோசிக்கிறார்கள்?

தலைவர் பக்கங்களைப் புரட்டினார். எட்டு வருஷம் நம்பினேனே என்று வருத்தத்தோடு சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம் என்றார். அடுத்த மாதத்திலிருந்து வேன் ஓட்டும் பொறுப்பை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுவதாக ஒரு கடிதமும் தயாரானது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கதிரேசன் அண்ணனிடமும் சொல்லி, ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றையும் கொடுத்துவிட்டார்கள்.

என் மனநிலை என்ன? மறைக்காமல் சொல்கிறேன். கொஞ்சம் வருத்தம். ஆனால் அதற்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் எழுதிய நிரலை வைத்து ஒரு கமிட்டியே முடிவெடுக்கிறதே என்று. அறுபத்தொரு வயதில் வேலையைவிட்டு அனுப்பினால் அந்த மனிதரை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரே ஒரு நிமிடம்தான். பிறகு அந்தச் சிவப்புக் கட்டங்களின் நிறம் அச்சில் மங்கலாக வந்திருக்கிறதே என்று கவலைப்பட்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டிருந்தேன். கூட்டத்துக்கு வேண்டிய பிரதிகளை எடுக்க மையத்துக்குப் போனேன். நோயாளிகளை உள்ளே விட்டுவிட்டு கதிரேசன் அண்ணே என்னிடம் வந்தார். ஒரு கையில் என் ரிப்போர்ட். இன்னொரு கையில் நர்ஸ் ஷாந்தியின் நோட்டுப் புத்தகம்.

"பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்றுதான் ஆரம்பித்தார். ஆயிற்று என்றேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

நோட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்தார். நோயாளி உள்ளே வந்ததும் எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, வந்த நேரத்தை ஷாந்தி கையால் எழுதிவைக்கிறார். பதினொன்றரை. பதினொன்று இருபத்தெட்டு. பதினொன்றரை. அண்ணே வரிகளை எண்ணி, என் ரிப்போர்ட்டில் அதே நாளைக் காட்டினார். பிறையில் அம்மா வேனில் ஏறியது பதினொன்று இருபது. ஆக, சக்கர நாற்காலியை மடக்கி ஏற்றி, பாலம் தாண்டி, ஜார்ஜ்டவுன் ஜேமில் ஊர்ந்து, எல்லாம் பத்து நிமிடத்தில்.

ஒரு நாள் லேட்டானது உண்மை, மையத்தில் நிற்கிற வேனை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போகும்போது பாலத்தில் லோரி கவிழ்ந்த அன்றைக்கு, அதைத் தான் ஒத்துக்கொள்வதாகச் சொன்னார். மற்ற நாளெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தனக்குப் புரியவில்லை என்றார். பிறகு நோட்டை மூடி, ஷாந்தியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே வேனுக்குப் போய்விட்டார்.

நான் அப்போதாவது என்னைச் சந்தேகப்பட்டேனா? இல்லையே. ஷாந்தியைச் சந்தேகப்பட்டேன். கடிகாரத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாக எழுதுகிறாயோ என்று நாசூக்காக விசாரித்தேன். எடை மெஷினுக்கு நேர் மேலே சுவரில் கடிகாரம் தொங்குவதை அந்தப் பெண் கையை நீட்டிக் காட்டியது. அதற்குமேல் சந்தேகப்பட அங்கே ஆள் மிச்சமில்லை, என்னைத் தவிர.

பிரதி எடுக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

முதலில் போனிலிருந்து வந்த மூலப் பட்டியலைப் பார்த்தேன். பிறை அம்மா, பத்து ஐம்பது. அடுத்த தடவை, பத்து ஐம்பது. அதற்கடுத்த தடவை, பத்து நாற்பத்தொன்பது. அட கடவுளே... மனுஷன் ஒரு நிமிடம் முன்னாலேயே வந்திருக்கிறார்.

இந்த இரண்டு மாதப் பட்டியல் இத்தனை நாளும் என் லேப்டாப்பில்தான் இருந்தது. ஆயிரக்கணக்கில் இல்லை, சில நூறு வரிகள். நான் ஒரு வரியைக்கூடக் கண்ணால் படிக்கவில்லை. படிக்கத்தான் நிரல் எழுதியாயிற்றே.

பாதி உயிர் வந்தது. ஆனால் பாதிதான். சனிக்கிழமை தலைவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒரே கம்ப்யூட்டர் ஒரு பேப்பரில் பதினொன்று இருபது என்கிறது, இன்னொரு பேப்பரில் பத்து ஐம்பது என்கிறது. எது மெய், எது பொய்? காரணம் சொல்லாமல் அவர் நம்ப மாட்டார். நானே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இவள் பாவப்பட்டு மாற்றிக் கொண்டுவந்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே நிரலைப் படிப்படியாக ஓட்டினேன். ஒவ்வொரு படியிலும் நின்று, கையில் என்ன வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்டேன். நேரத்தை உருவிய இடத்தில் பத்து ஐம்பது. சரி. அடுத்தது, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய இடம். பத்து ஐம்பதில் எட்டு மணி நேரம் போனால் இரண்டு ஐம்பது. அங்கே மூன்று இருபது என்று நின்றது.

மூன்று இருபதா? எங்கிருந்து வந்தது அரை மணி நேரம்?

மறைவில்லாமல் முழுசாகக் காட்டு என்று கேட்டேன். காட்டியது. நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேதி உட்கார்ந்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பிறக்கவேயில்லை அப்போது. கதிரேசன் அண்ணே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்திருப்பார்.

விஷயம் இதுதான். நான் பயன்படுத்திய அந்தக் கணக்குப் பகுதிக்குத் தேதியில்லாத நேரம் என்று ஒன்று புரியவே புரியாது. நாம் தேதியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் மணியைக் கொடுத்தால், அது மரியாதையாகத் தன்னிடம் இருக்கிற ஒரு தேதியை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் நாளை எண்ணத் தொடங்குவதே அந்த எழுபதாம் வருஷத்து முதல் நாளிலிருந்துதான். ஆகவே அந்தத் தேதி. இதைப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது சான்றிதழை எங்கே மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

சரி, தேதி தப்பு. நேரம் ஏன் மாற வேண்டும்? அதற்கும் விடை பக்கத்திலேயே இருந்தது. மலேசியா, உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் என்று போட்டிருந்தது. ஏழரையா? இது எந்த மலேசியா?

தேடிப் பார்த்தேன். நம் மலேசியாதான். எண்பத்திரண்டாம் வருஷம் பிறக்கிறவரைக்கும் தீபகற்பத்தில் நாம் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தோம். கடலுக்கு அப்பால் இருக்கிற சபா, சரவாக் மாநிலங்கள் எட்டு மணி நேரம். நாடு முழுக்க ஒரே நேரம் இருக்கட்டும் என்று அந்தப் புத்தாண்டில் நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏதோ சொன்ன ஞாபகம் லேசாக இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு லேசாக இல்லை, நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

புரிகிறதா நடந்தது? எழுபதாம் வருஷத்துத் தேதியை ஒட்டிக்கொண்ட கம்ப்யூட்டர், அந்தக் காலத்து வழக்கப்படி ஏழரையைக் கழித்தது. இந்தக் காலத்து மேதாவி நான், எட்டைக் கூட்டினேன். ஒவ்வொரு வரியிலும் அரை மணி நேரம் அதிகம். கழித்ததும் சரி, கூட்டியதும் சரி... இரண்டும் வேறு வேறு காலத்தில் நடந்ததுதான் கோளாறு. கடிகாரத்தை மாற்றாத ஊரில் உட்கார்ந்து இந்த நிரலை எழுதுகிறவருக்கு இந்த ஏழரையும் எட்டும் வராது. நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் இப்படி மாட்டிக்கொள்ள வாய்க்கும்.

மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். என் கணவர் கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு, கேட்பது உசிதமில்லை என்று திரும்பிப் போய்விட்டார். அப்பாடா என்று அன்றைக்கு நான் விட்ட மூச்சு மாதிரி இந்தப் பத்து வருஷத்தில் விட்டதில்லை. ஒரு மனுஷன் எட்டு வருஷம் கட்டிக் காத்த பேரை நான் ஒரே வரியில் நறுக்கித் தூக்கிப் போட்டிருந்தேன். அதைத் திரும்ப எடுத்து ஒட்டிவிடலாம் என்று தெரிந்ததே, அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

திருத்துவது சுலபம். முதலிலேயே நறுக்காதே. தேதியும் நேரமும் கடைசிவரை ஒன்றாகவே இருக்கட்டும், கணக்கெல்லாம் முடிந்து அச்சிடுகிற நேரத்தில் மணியை மட்டும் எடுத்துக் காட்டு. எட்டைக் கூட்டுகிற வேலையையும் என் கையிலிருந்து பிடுங்கி நிரலிடமே கொடுத்தேன். ஓடவிட்டேன். பக்கம் பக்கமாக வெள்ளை. நடுவில் ஒரே ஒரு நாளில் மட்டும் மூன்று சிவப்புக் கட்டங்கள். தேதியைப் பார்த்தேன். பாலத்தில் லோரி கவிழ்ந்த நாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். கதிரேசன் அண்ணே இல்லை. அவர் மாக் மண்டினுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவரைப் பற்றிப் பேசுகிற நேரத்திலும் அவர் வேலையில் இருந்தார்.

நான் எழுந்து, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன். நினைத்தபடியே தலைவர் கையை உயர்த்தினார். போன வாரம் ஒன்று சொன்னது இந்த வாரம் வேறு சொல்கிறதே, எதை நம்புவது என்று கேட்டார். நான் நிரல், தேதி, உலகப் பொது நேரம் என்று விளக்க, கமிட்டியின் முகங்கள் ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தன. ஒருவர் போனை எடுத்துவிட்டார். காரணம் கையில் இருக்கிறது, கேட்கிற காதுக்குப் போய்ச் சேரவில்லை.

கடைசி முயற்சியாக, கம்ப்யூட்டர் சமாசாரத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். "ஐயா, எண்பத்திரண்டுக்கு முன்னால நம்ம ஊர் நேரம் அரை மணி பின்னால இருந்துச்சு. கம்ப்யூட்டர் அந்தப் பழைய நேரத்துல கணக்குப் போட்டுடுச்சு. அந்த அரை மணிதான் கதிரேசன் அண்ணன் தலையில ஏறிடுச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை," என்றார், "எங்கட ஒஃபீஸ் கடிகாரத்தை அண்டைக்கு மாத்தினதே நான்தான்."

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருஷம் ஆன இளைய கிராணியாம் அப்போது. மேலதிகாரி கூப்பிட்டு, புத்தாண்டுக்குப் பிறகு முதல் வேலைநாளில் நாற்காலிமேல் ஏறச் சொல்லி, முள்ளை அரை மணி நேரம் முன்னால் தள்ள வைத்தாராம். கீழே நின்றவர்கள், நம் ஆயுளில் அரை மணி நேரம் போச்சு என்று சிரித்தார்களாம். சொல்லும்போது அவர் விரல் தானாக முள்ளைத் தள்ளிக் காட்டியது. கமிட்டியில் நரைத்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆமாம் ஆமாம் என்று ஆரம்பித்துவிட்டன. போனில் இருந்தவர்கூடத் தன் அப்பா கடிகாரத்தை மாற்ற மறந்த கதையைச் சொன்னார். நான் அரை மணி நேரம் விளக்கிப் புரியாதது ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அதோடு விடவில்லை தலைவர். அங்கிருந்தே பிறை அம்மாவுக்குப் போன் போட்டு, வேன் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டார். டாண் என்று பத்து ஐம்பதுக்கு வந்துவிடும், இப்போதும் கீழேதான் நிற்கிறேன் என்றாராம் அந்த அம்மா. நீங்கள் எத்தனை மணிக்குக் கீழே இறங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, பத்து மணிக்கு என்று பதில். வீட்டில் பேச ஆளில்லை, கீழே நாலு பேர் போவார்கள் வருவார்கள், பேசிக்கொண்டிருக்கலாம் என்றாராம். மகன் வேலையிடத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் 'கீழே நிற்கிறேன்பா' என்றிருக்கிறார். மகன் அதைக் கேட்டுக் கொதித்துப்போயிருக்கிறார். அந்த அம்மாமேல் எனக்குக் கோபமே வரவில்லை.

தலைவர் ஃபைலிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். மூன்று தலைமுறைக் கிராணி பேப்பரைக் கிழிப்பாரா? குறுக்கே ஒரு கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதி, கையெழுத்து வைத்து, கீழே தேதியும் நேரமும் போட்டு, திரும்ப ஃபைலிலேயே கோத்தார். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்து வாசலில் போய் நின்றேன். பதினொன்று இருபத்தொன்பதுக்கு வேன் வந்தது.

அண்ணே இறங்கி, பின்கதவைத் திறந்து, நாற்காலியை விரித்து, பிறை அம்மாவை உட்காரவைத்தார். அவர் நிமிர்கிறவரை காத்திருந்து, விஷயத்தைச் சொன்னேன். கடிதம் ரத்து, ரிப்போர்ட் தப்பு, தப்பு செய்தது நான், மன்னித்துவிடுங்கள் என்றேன். இதற்குமேல் அலங்காரமாக எதுவும் வாயில் வரவில்லை.

அவர் வேன் கதவைச் சாத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, இனிமேல் சாப்பிடலாம் என்கிற மாதிரிச் சொன்னார்.

"கம்ப்யூட்டர்னா அப்படித்தான் லா தங்கச்சி, பரவால்ல," என்றார். நாற்காலியை இரண்டடி தள்ளினார். பிறகு நின்றார்.

"தினமும் பதினொன்றரைக்கு நான் இங்கதான் நிக்கிறேன். ரெண்டு மாசப் பேப்பரைப் பார்த்தீங்க. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறேன். வர வேண்டிய நேரம், வந்த நேரம், வித்தியாசம் — அதற்குப் பக்கத்தில் 'ஓட்டுநர் சொல்வது'. இந்த ஒன்றை நிரப்ப மட்டும் நான் நிரல் எதுவும் எழுதவில்லை... வாசல்வரை நடந்து போகிறேன்.